குறையில்லாதவர் தெம்பே வாங்க வேண்டும்

ஜாவாத் தீவின் கிரெசிக்கில் இருந்த அந்த டைல்ஸ் ஆலையில் காலைக் கூட்டம் ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஒவ்வொரு பிரிவு மேற்பார்வையாளரும் எழுந்து "குறையில்லை" என்பார். எல்லோரும் ஒருமுறை கை தட்டுவார்கள். மேலதிகாரி முகம் வாடக் கூடாது என்பதில் ஜாவாக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

ஹர்ஜித்தோதான் ஆலையின் நிர்வாக முறைகளுக்குப் பொறுப்பு. எரிவாயு, தண்ணீர், கழிவு எல்லாவற்றுக்கும் அவர் முன்பு தயாரித்த கோப்பு, தணிக்கையாளர் வரும்போது மட்டும் கல்யாணப் பட்டுபோல அலமாரியை விட்டு வெளியே வரும். அதனால் அந்த அளவுகளைத் தினசரி உற்பத்தித் தாளிலேயே சேர்த்தார். இரண்டு வருடமாக எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது குறையில்லை. எரிவாயுச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

இயக்குநர் குனாவான் கூப்பிட்டார். அங்கே ஆண்களை மரியாதையாக 'பாக்', அதாவது ஐயா, என்றுதான் அழைப்பார்கள். "மூணு மாசத்துல ரெண்டாம் சூளை பத்து சதவீதம் எரிவாயு குறைக்கலேன்னா மூடிடுவேன். அங்க வேலை செய்யற முப்பத்தெட்டுப் பேர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க பாக். உங்க குரல்தான் மென்மையா இருக்கு."

ஹர்ஜித்தோவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தொந்தி அதைக் காட்டிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் கூட்டத்தில் புது விதி போட்டார்.

"இனிமே குறையில்லைன்னு சொல்றவங்க மறுநாள் எல்லாருக்கும் பொரிச்ச தெம்பே வாங்கிட்டு வரணும். குறை சொல்றவங்க சும்மா சாப்பிடலாம்."

ஒரு வாரம் மேசை நிறையத் தெம்பே, சோயாவைப் புளிக்கவைத்துப் பொரித்த வில்லைகள். எட்டாம் நாள் மெருகுப் பிரிவு சுலஸ்த்ரி எழுந்தாள். "எங்க குழாய் ஒண்ணு ஒழுகுது பாக். ரெண்டு வருஷமா."

யாரும் தட்டவில்லை. ஹர்ஜித்தோ தட்டினார். "உக்காருங்க. மூணு எடுத்துக்குங்க."

அப்புறம் குறைகள் வரிசை கட்டின. இரண்டாம் சூளையின் தலைவர் பொனிமின் மட்டும் நாற்பது நாள் தெம்பே வாங்கினார்.

"வீட்டுல தெம்பேக் கடை வச்சிருக்கீங்களா பாக்?" என்றாள் சுலஸ்த்ரி.

நாற்பத்தோராம் நாள், கொட்டும் மழையில், பொனிமின் வெறுங்கையோடு வந்து நின்றார். "சூடான காத்துக் குழாயோட மூடி பாதி திறந்திருக்கு. ஒன்பது வருஷமா."

"எதுக்கு?"

"பசங்க மழையில பைக்குல வர்றாங்க. சாரோங் காயணுமில்ல?"

உலர்த்தும் அறைக்குத் திரும்ப வேண்டிய சூட்டில் முப்பத்தெட்டு சாரோங் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன; அந்தச் சூட்டை ஈடுகட்டத்தான் எரிவாயு கூடுதலாக எரிந்தது. ஹர்ஜித்தோ போய்ப் பார்த்தார். கொடியின் கோடியில் ஒரு நீல மழைக்கோட்டு. அவருடையதுதான். இரண்டு வருடமாக அங்கேதான் மாட்டிவிட்டுப் போய், பச்சைக் கட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மூடியை அடைத்தார்கள். காற்றழுத்த இயந்திரத்தின் வெக்கை வீணாகப் போகும் சுவரோரம் புதுக் கொடி கட்டினார்கள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் மூடியைப் பார்க்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி ஏறியது. மூன்றாம் மாதக் கடைசியில் எரிவாயு பதின்மூன்று சதவீதம் இறங்கியிருந்தது.

குனாவான் கூட்டத்துக்கே வந்தார். "ரெண்டாம் சூளை ஓடும். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். என் பக்கம் இனிமே குறையில்லை."

பொனிமின் தொண்டையைச் செருமினார். "அப்ப நாளைக்குத் தெம்பே நீங்க வாங்கணும் பாக்."

மறுநாள் இயக்குநர் இரண்டு கையிலும் பையோடு வந்தார். சூளையின் முப்பத்தெட்டுப் பேரும் வாசல்வரை நின்று தின்றார்கள்.

"பச்சை மிளகாய் மறந்துட்டீங்களே பாக்," என்றாள் சுலஸ்த்ரி.

ஹர்ஜித்தோ தாளை இழுத்து, கடைசியில் இயக்குநர் பெயரையும் சேர்த்து, எதிரே சிவப்பில் "குறை: பச்சை மிளகாய்" என்று எழுதிக்கொண்டார்.