நாடி இருக்கு

"நாடி இருக்கோ, பிள்ளை?"

மயூரா அப்பாவின் மணிக்கட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். மூன்று விரல்களைப் பதித்தாள். மேலே ஒன்றுமில்லை. கொஞ்சம் அழுத்தினாள். நடுவிலும் ஒன்றுமில்லை. எலும்பு தட்டும்வரை அழுத்தியபோது, மெலிதாக ஏதோ துடித்தது.

"இருக்கு அம்மா."

விமலாதேவி தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"சேந்தன், அப்பாவுக்கு நாடி இருக்கு. தங்கச்சி பிடிச்சுக்கொண்டு இருக்கிறாள். நீ எங்கை நிக்கிறாய்? இன்னும் திராமனிலயோ? ரயில் ஓடாட்டி வேற வழியில்லையோ? பஸ்ஸோ? சரி, அதிலையாவது ஏறு. அவர் இருப்பார். நீ வா."

தொலைபேசியோடு அடுப்படிக்குப் போனாள். பால் சுட வைக்கும் சத்தம் கேட்டது.

கணவரைச் சுகமாக்கித் தா என்று கடவுளிடம் கேட்பதை அவள் கோடையோடு நிறுத்தியிருந்தாள். இப்போது கேட்பது ஒன்றுதான். மகன் வந்து பால் பருக்கும்வரை அவர் இருக்க வேண்டும். சேந்தன் ஒரு வருடத்துக்கு மேலாகத் தகப்பனோடு கதைக்கவில்லை. நொர்வேயில், ட்வெய்ட்டாவிலுள்ள இந்த வீட்டுப் படியை மிதிக்கவும் இல்லை.

நகரசபை கொடுத்த கட்டில் வரவேற்பறையில் கிடந்தது. அதன் காற்று மெத்தை தானாக ஊதித் தானாக இறங்கியது. அதில் கிடந்த இரவீந்திரனின் நெஞ்சும் அதோடு சற்று எழுந்து தணிந்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீளும், பயப்பட வேண்டாம் என்று காலையில் வந்த தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதனால் யாரும் பயப்படவில்லை.

மயூரா, ஊசி குத்தும் அக்குபங்சர் மேற்படிப்பில் இரண்டாம் வருடம். கூடப் படித்தவர்கள் டொக்டரும் பல் டொக்டருமாக இருக்க, இவள் ஆட்களை முள்ளம்பண்டி ஆக்கப் படிக்கிறாள் என்பாள் அம்மா. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொல்வார்: "முள்ளம்பண்டி நான் இருக்கிறன். நீ குத்து மேனை." ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கைதான் அவளுக்குப் பாடப் புத்தகம். நாடி பிடித்தபடி அவள் கண்ணை மூடினால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "என்ன, ஓடுதோ? இல்லாட்டிப் பற்றறி மாத்தவோ?"

அந்த நாடியை அவளுக்குத் தெரியும். ஆறுதலாக, மெதுவாக வரும். நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு, அடுத்ததைச் சற்றுப் பலமாகத் தட்டும். மூலிகை படிப்பிக்கும் ஆசிரியர்கூட ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

இப்போது விரலுக்கடியில் இருந்தது வேகமாக ஓடியது. எதையும் விழுங்கவில்லை.

முதல் வருட வகுப்பில் சொன்னார்கள்: தொடக்கத்தில் நீங்கள் பிடிக்கும் நாடிகளில் பாதி உங்களுடையதாகத்தான் இருக்கும். விரல் நுனியிலும் இரத்தம் ஓடுகிறது. சந்தேகம் வந்தால் மற்றக் கையை உங்கள் கழுத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக அடித்தால் நோயாளியின் கையை விட்டுவிட்டு, ஆறியபின் மறுபடி பிடியுங்கள்.

மயூரா மற்றக் கையைக் கழுத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒன்றாக அடித்தன.

அப்பாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. அவள் குனிந்து கன்னத்தை அதனருகே கொண்டுபோனாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். மெத்தை ஊதியது. இறங்கியது.

அவள் கையை எடுக்கவில்லை.

"இருக்கோ?" அம்மா பால் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில். "சாண்ட்விக்கா தாண்டிட்டானாம். அழுகிறான். இருக்கோ பிள்ளை?"

மயூரா வாயைத் திறந்தாள்.

"இருக்கு."

"எப்பிடி இருக்கு?"

"மெல்லிசா. ஆழத்திலை."

"அப்ப ஒரு ஊசி குத்தன். இழுத்துப் பிடிக்குமெல்லே."

"வேண்டாம் அம்மா. அவருக்கு நோகும்."

விமலாதேவி கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வைக்கு மேலாகக் கணவரின் பாதத்தைத் தடவினாள். "கேட்குதோ? மகன் வாறான். கொஞ்சம் பொறுங்கோ." வெளியே இருட்டிவிட்டது. எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு சமையலறையாக விளக்கு எரிந்தது. அவள் இன்னும் பலமுறை கேட்டாள். மயூரா ஒவ்வொரு முறையும் இருக்கு என்றாள். கை மரத்துப்போயிற்று.

சேந்தன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான். கட்டிலருகே முழங்காலில் விழுந்தான்.

"அப்பா. நான்தான். அப்பா."

மற்றப் பக்கத்துக் கையைப் பிடித்தான். "அம்மா, கை குளிருதே!"

"காலமையிலயிருந்து அப்பிடித்தான். பாலைப் பருக்கு. கெதியா."

மயூரா பிடித்திருந்த மணிக்கட்டை அவன் எட்டித் தொட்டான். அவள் கை பட்டிருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. "இஞ்சை சூடு இருக்கு," என்றான். முகம் மலர்ந்தது. கரண்டியில் பாலை எடுத்துச் சிறிது சிறிதாக வாயில் விட்டான். பால் உள்ளே நின்றது. பிறகு கடைவாயால் வழிந்தது.

"விழுங்கினவர்," என்றான் சேந்தன். "அம்மா, விழுங்கினவர்! கண்டனியளோ?"

மயூரா விரல்களை எடுத்தாள்.

"போயிட்டார்," என்றாள்.

தாதி வந்தபோது சேந்தன் பல்கனியில் நின்று மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்தான். "என்ர கையாலை பால் குடிக்கத்தான் காத்திருந்தவர், மாமா." உள்ளே வந்ததும் தாதியிடமும் அதை நொர்வேஜிய மொழியில் சொன்னான். அவள் தலையாட்டினாள். இரவீந்திரனின் தாடையைத் தொட்டாள். கையை முழங்கையில் மெல்ல மடக்கிப் பார்த்தாள்; அது இலகுவில் மடங்கவில்லை. பிறகு மயூராவைப் பார்த்தாள். மயூரா தரையைப் பார்த்தாள். தாதி போய் சன்னலைத் திறந்துவைத்தாள்.

ஒரு பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வைத்தாள். உடம்பைத் துடைக்கிறாயா என்று மயூராவிடம் கேட்டாள். மயூரா துணியை நனைத்துப் பிழிந்து, அப்பாவின் கடைவாயில் காய்ந்திருந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அவ்வளவு நேரமும் நாடி இருந்தது," என்றாள் விமலாதேவி.

குரலில் அழுகை இல்லை. யோசித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா..."

"நீதானே சொன்னனி. அவ்வளவு நேரமும் இருந்தது. நான் குத்தச் சொன்னனான். நோகுமெண்டு சொல்லிப்போட்டுச் சும்மா பிடிச்சுக்கொண்டு இருந்தனி."

"அம்மா, விடுங்கோ," என்றான் சேந்தன். "பாவம் அவள்."

"ஒரு ஊசி. இல்லாட்டி உங்கடை அந்தக் கசாயத்திலை ஒரு சொட்டு. வேறை என்னத்துக்குப் படிச்சனி?"

மயூரா அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்கள் அழுது சிவந்திருந்தன. முகம் தெளிந்திருந்தது. இந்த வீட்டில் அந்த முகத்தை அவள் கண்டு வெகுகாலம்.

அவள் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

விமலாதேவி எழுந்து வந்தாள். மகளின் கையிலிருந்த துணியை வாங்கி மகனிடம் கொடுத்தாள்.

"நீ துடை தம்பி."

சேந்தன் துடைத்தான். கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னால். கவனமாக, ஒன்றையும் விடாமல். மயூரா கட்டிலைவிட்டு விலகி நின்றாள். கைகள் நனைந்திருந்தன. திறந்த சன்னலால் வந்த காற்றில் அவை காயத் தொடங்கின.