உச்சி அறைக்கு வந்த அடுப்பு

காலையில் எழுந்து கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்வேன். பின்கொட்டகையில் விறகு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி வைப்பேன். குடித்துவிட்டு வேலிக்குள் போய் வெப்பமானிகளைப் பார்ப்பேன். மழைமானியிலுள்ள தண்ணீரை அளவுக் குப்பியில் ஊற்றிக் குறித்துக்கொள்வேன். கார்த்திகையில் கீழே ஒன்றும் தெரியாது. எப்போதாவது மேகம் விலகினால் தென்காசியின் மொட்டைக் கோபுரம் விரலளவு தெரியும். பிறகு அறைக்குத் திரும்பி அடுப்பை மூட்டுவேன். இரும்பு அடுப்பு. கூரைக்கு வெளியே போகும் புகைக்குழாய் உண்டு.

இதைத்தான் போன வருஷம் கேட்டோம்.

என் மனைவி ரெபேக்காள் மேலகரத்துக்காரி. 1958-இல் கல்யாணம் ஆன கையோடு குற்றாலத்து மலையுச்சியிலுள்ள இந்த வானிலை நிலையத்துக்கு வந்தாள். ஆடியில் மேலதிகாரி அருவியில் குளித்துவிட்டு, ஆபீஸ் டோலியில் மேலே வந்தார். குளிர்காலத்துக்கு ஓர் அடுப்பு வேண்டும் என்றேன்.

“குற்றாலத்துல சாரல் உண்டு. குளிருன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்லையே” என்றார்.

ரெபேக்காள் காப்பியை நீட்டினாள். “கார்த்திகையில ஒரு ராத்திரி இங்கன தங்கிப் பாருங்க ஐயா. பொறவு நீங்களே அடுப்பைத் தலையில வச்சுச் சுமந்துட்டு வருவீங்க.”

அவர் சிரித்தார். அடுப்பு வரவில்லை. ஜன்னல் இடுக்குகளை அடைக்கச் சொல்லித் தார்க்காகிதச் சுருள் ஒன்று வந்தது. சாமான் சுமக்கும் மாடன் அதை இறக்கிவைத்தான்.

“அடுப்பு கேட்டா தாளை அனுப்பியிருக்கானுவ. போத்திக்கிட்டுப் படுங்க தாயி.”

ஐப்பசிக் கடைசியில் வாடை திரும்பியது. போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. என் விரல்களில் பென்சில் நிற்கவில்லை. அவளுக்கு இருமல் விடவில்லை. இருவரும் சேர்ந்து ஓர் இடுக்கு விடாமல் தார்க்காகிதம் ஒட்டினோம். காற்று நின்றது. அவள் தணல் போட்ட கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவந்தாள். மேலகரத்தில் பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் மழைக்காலத்தில் கரிச்சட்டி வைப்பார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். அவை ஓட்டு வீடுகள். புகை போக நூறு வழி உண்டு. இது காங்கிரீட் அறை.

மறுநாள் காலை காற்றுமானிக் கம்பத்தின் இழுகம்பி அறுந்துகிடந்தது. மழையில் நின்று அதைக் கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பியபோது அவள் சட்டியின் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நன்றாகக் குளிர்காய்ந்து தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருமலும் இல்லை. காப்பி வேண்டுமா என்று கேட்டேன். பிறகுதான் தொட்டேன்.

மாடனும் நானும் அதே டோலியில் அவளை இறக்கினோம். “கரிப்புகை” என்றார் தென்காசி டாக்டர்.

மேலதிகாரி துக்கம் கேட்க வந்தார். “பி.எஸ்சி. படிச்சிருக்கீங்க. மூடின ரூம்ல கரி வைக்கக் கூடாதுன்னு தெரியாதா?”

“அடுப்பு எப்போ வரும்?” என்று கேட்டேன்.

தையில் வந்தது. மாடன் சுமந்து வந்தான். இறக்கிவைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போனான்.

தினமும் மூட்டுகிறேன். நன்றாக எரிகிறது. அறையில் புகையே இல்லை.

அன்று நான் கம்பத்தைப் பார்க்கக் கிளம்பும்போது அவள் சட்டிக்கு மேல் கைகளை நீட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போங்க. இன்னைக்குத்தான் இது வீடு மாதிரி இருக்கு.”