முப்பத்தோரு பேரின் பல்கூச்சம்

போடிநாயக்கனூரில் முத்துப்பேச்சி ஐஸ் போட்ட சர்பத் குடித்தால் தேவாரத்தில் அனுசியா டீச்சருக்குக் கடைவாய்ப் பல் கூசும். அனுசியா டீச்சர் கொதிக்கிற ரசத்தை அவசரத்தில் வாயில் வைத்துவிட்டால் குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டும் முனியசாமி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். இப்படி மொத்தம் முப்பத்தோரு பேர். 2002ஆம் வருடம் ஆவணி மாதம் குரங்கணிப் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசப் பல் முகாமில், ஒரே பகலில், ஒரே டாக்டர், ஒரு சின்னக் கல்வத்தில் ஒரேயடியாக அரைத்த வெள்ளிக் கலவையைப் பங்கிட்டு அடைத்த பற்கள் அவர்களுடையவை. முதல் பதினைந்து வருடம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு அடைப்புகள் பழசாகி, ஓரங்களில் முடியளவு இடைவெளி விட்டபோதுதான் ஒருவர் வாயில் இருப்பது மற்றவர் வாய்க்குக் கசிய ஆரம்பித்தது. இருவர் பக்கத்தில் இருந்தால் கூச்சம் ஊசியாக இருக்கும்; தூரம் போகப் போக மழுங்கும்.

போடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த சுசித்ரா டாக்டர் இதற்குச் சொன்ன வைத்தியம் எல்லோருக்கும் சொல்வதுதான். கூச்சத்துக்கான பேஸ்ட், காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், மறுபக்கத்தில் மெல்லுவது, ஐஸ் பக்கமே போகாமல் இருப்பது. பழைய அடைப்பைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம் என்றும் சொன்னார். முனியசாமி அதற்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். மிஷின் பல்லில் பட்ட கணத்தில் ராசிங்காபுரத்தில் பனை ஏறிக்கொண்டிருந்த ஒருவர் பிடி நழுவிப் பாதி மரம் சறுக்கினார். அன்றோடு யாரும் அடைப்பை மாற்றக் கூடாது என்று முப்பத்தோரு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். கல்யாண வீடுகளில் அவர்களுக்கு ஐஸ்கிரீம் கிடையாது என்பது சமையல்காரர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

முத்துப்பேச்சிக்கு மட்டும் இதில் ஒரு சௌகரியம் இருந்தது. அவள் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். அவள் புருஷன் ஒச்சப்பனும் முகாமில் பல் அடைத்தவன். அங்கே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றபோதுதான் இருவரும் முதலில் பேசிக்கொண்டார்கள். அவன் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலையில் இருந்தான். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவான். தோட்டத்தில் போன் எடுக்காது. ஆனால் ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறவன். காலை பத்து மணிக்கு இடது கீழ்ப்பல்லில் லேசாக வெதுவெதுப்பு ஏறினால், கையில் காயைப் புரட்டிக்கொண்டே, "எங்க வீட்டு ஆளு டீக்கு உக்காந்துட்டாரு" என்று பக்கத்துப் பெண்களிடம் சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

சென்ற வருடம் மாசி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் முப்பது பேரும் ஒரே நேரத்தில் மண்ணைக் கடித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அரிசியில் கல் என்று துப்பினார்கள். சாப்பிடாமல் இருந்தவர்களும் துப்பினார்கள், எச்சில்தான் வந்தது. மறுநாள் காலை பதினோரு மணிக்கு எல்லோருக்கும் பாதித் தாடை மரத்துப்போய் நாக்குக் குழறியது. அனுசியா டீச்சர் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் வேரோடு எதையோ ஆட்டிப் பிடுங்குவது போல ஓர் இழுப்பு. வலிக்கவில்லை. யாரோ பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று புரிந்தது. ஆனால் விசாரித்தபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஜீப்பில் ஒச்சப்பன் வரவில்லை. தோட்டத்து சூப்பர்வைசர் விஜயபாண்டிதான் வந்தார். ஒச்சப்பனை மாப்ளே என்றும் முத்துப்பேச்சியைத் தங்கச்சி என்றும் கூப்பிடுகிறவர். அவரும் முப்பத்தோரு பேரில் ஒருவர். வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.

"மாப்ள கணக்கத் தீத்துக்கிட்டுப் போயிட்டான் தங்கச்சி. மலைக்கு அங்கிட்டு நெடுங்கண்டத்துக்காரி ஒருத்தி காய் எடுக்க வந்தா. அவ கூடத்தான். நான் எவ்வளவோ சொன்னேன்."

"எப்பண்ணே போனாரு?"

"திங்கக்கெழம."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதை முத்துப்பேச்சி துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். கடையில் பெண்கள் அவள் முன்னால் தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். அவள் அழவில்லை. வீட்டிலிருந்த அவன் சட்டைகள் மூன்றையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். நெடுங்கண்டத்தில் அவனுக்கு உறைக்கட்டும் என்று.

வைகாசி முடிந்து மலையில் மழை பிடித்தது. பிடித்த மூன்றாம் நாள் விடிகாலையில் முப்பது வாய்களிலும் குளிர் இறங்கியது. ஒரு மிடறு தண்ணீரின் குளிர் அல்ல அது. மிடறு என்றால் வரும், போகும். இது வந்தது, போகவே இல்லை. பேஸ்ட் கேட்கவில்லை. கிராம்புத் தைலம் கேட்கவில்லை. ஆனி முடிவதற்குள் அனுசியா டீச்சர் பாதிச் சம்பளத்தில் லீவு போட்டார். முனியசாமி தலையோடு கன்னத்தைச் சேர்த்து மப்ளரால் கட்டிக்கொண்டு ஜீப்பு ஓட்டினார். ராசிங்காபுரத்துப் பனையேறி பல்லை இடித்துத் தள்ளப் பாறைக்கல்லை எடுத்தபோது வீட்டார் கையைப் பிடித்தார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் காற்றுக்குப் போடியில் வெயில் அடிக்கும்போதே அவர்கள் நடுங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஜீப்பு ஸ்டாண்டில் கூடினார்கள். ஒவ்வொருவராக வெந்நீரை வாயில் வைக்கச் சொல்லி, மற்றவர்கள் பல்லில் அது தெரிகிறதா என்று பார்த்தார்கள். இருபத்தொன்பது பேர் தேறினார்கள். விஜயபாண்டி தோட்டத்தில் சோலி என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் இங்கேதான் இருக்கிறார், அவரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. மிச்சம் ஒச்சப்பன்தான்.

முனியசாமி முத்துப்பேச்சியைப் பார்த்தார். "ஓம் புருசன் அங்க அவகூட பிரிஜ்சு தண்ணியா குடிச்சுக்கிட்டுக் கெடக்கான் ஆத்தா. இங்க முப்பது குடும்பம் சாகுது. வெரசா ஆளு விட்டு அவன நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தலேன்னா?" என்றாள் முத்துப்பேச்சி.

"அவன் பல்லத் தட்டி எடுத்துட்டு வர்றோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. யாரும் அதை மறுக்கவில்லை. மறுநாளே நான்கு பேர் நெடுங்கண்டத்துக்கு ஜீப்பில் போய் மூன்று நாள் தேடினார்கள். அங்கே போகப் போகப் பல்லில் குளிர் மழுங்கியது என்று திரும்பி வந்து சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் யோசிக்கவில்லை. முத்துப்பேச்சி யோசித்தாள்.

அன்று முழுவதும் அவள் வேலைக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, பல்லை மட்டும் கவனித்தாள். காலை பத்து மணி வந்தது, போனது. பதினொன்றரை. மத்தியானச் சோறு. மூன்று மணி. குளிர் மாறவே இல்லை. மெல்லுகிற அதிர்வு இல்லை. விழுங்குகிற இடைவெளி இல்லை. மாசியிலிருந்து இதுநாள் வரை அவன் டீயின் சூடு ஒருதரம்கூட வந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏழு டீ குடிக்கிறவன் எவளோடு போனால்தான் என்ன, டீயை விடமாட்டான். அவள் எழுந்து சுசித்ரா டாக்டரிடம் போனாள்.

"டாக்டரம்மா, மாசியில யாருக்காவது இந்தப் பல்லப் பிடுங்குனீகளா?"

"பேர் சொல்லக் கூடாதும்மா."

"பேரு வேண்டாம். திங்கக்கெழமைக்கு மறுநாளு. பதினோரு மணி."

"நல்ல பல்லும்மா அது. அடைப்பு கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். பிடுங்க வேண்டாம்னு சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. வாயெல்லாம் மண்ணா இருக்கு, துப்பத் துப்பப் போகலைன்னாரு. நான் பாத்தேன், வாய் சுத்தமா இருந்துச்சு."

"துண்டு போட்டிருந்தாரா?"

டாக்டர் முத்துப்பேச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் ஜீப்பில் அவள் குரங்கணிக்கு ஏறினாள். முனியசாமிதான் ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் இருவரும் ஒரே நேரத்தில் கன்னத்தைப் பிடித்தார்கள். குரங்கணியில் இறங்கி நடக்கத் தொடங்கியபோது முனியசாமியும் ஜீப்பைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்தார். காப்பிச் செடிகளைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குக் குளிர் குத்தியது. பாதை பிரிகிற இடங்களில் அவள் நின்று, இரண்டு பக்கமும் நான்கு எட்டு வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் அதிகம் கூசுகிறதோ அந்தப் பக்கம் போனாள். அப்படியே ஒரு படுதாக் குளத்தின் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கக் குழி தோண்டி நீலப் படுதா விரித்த குளம். புதிது. நிறைந்து தளும்பியது. முனியசாமி அங்கேயே முழங்காலிட்டுவிட்டார். முத்துப்பேச்சிக்கு முன்பல்வரை விறைத்து உதடு மூட முடியவில்லை.

மறுகரையில் விஜயபாண்டி உட்கார்ந்திருந்தார். ஒரு மாதமாகத் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று தோட்டத்து ஆட்கள் பிறகு சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"பல்லப் பிடுங்கியும் குளிருதாண்ணே?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"குளிருது தங்கச்சி. பல்லு இருந்த குழியில குளிருது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார், யாரும் கேட்காமலே. குளத்துக்கு அனுமதி வாங்கவில்லை. பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் அடியில் குழாய் பதிக்க இறங்கினான். மேல்கரை சரிந்தது. தோண்டி எடுக்க வேண்டும் என்று நினைத்தபோது கால்மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. போலீசு வரும், தோட்டத்தை மூடுவார்கள் என்று பயந்து மண்ணை நிரவிப் படுதாவை விரிக்கச் சொல்லிவிட்டார். பொக்லைன்காரன் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டான். "அந்தக் கால்மணி நேரமும் எம் பல்லு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றார். "மண்ண மென்னுக்கிட்டே இருந்தான் தங்கச்சி. அப்புறம் நிறுத்திட்டான்."

முத்துப்பேச்சி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் தான் தூக்குச்சட்டிச் சோற்றைத் துப்பிவிட்டு அரிசிக் கடைக்காரனை வைதது அவள் நினைவுக்கு வந்தது. ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த ஏலச்செடிகளுக்குள் அவள் குரல் எடுத்து அழுதபோது முனியசாமி மப்ளரை அவிழ்த்து முகத்தில் பொத்திக்கொண்டார்.

போலீசார் வந்தார்கள், விஜயபாண்டியைக் கூட்டிப்போனார்கள். தண்ணீரை இறைத்துப் படுதாவைக் கிழித்தபோது ஓரிடத்தில் அது கசிந்திருந்தது தெரிந்தது. மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் அவனிடம் இறங்கியிருந்தது. ஒச்சப்பனை மேலே எடுத்து வெயிலில் கிடத்திய சமயம், போடியிலும் தேவாரத்திலும் ராசிங்காபுரத்திலும் எல்லோர் பல்லிலும் குளிர் விட்டது. பலர் அன்றுதான் ஒரு மாதத்துக்குப் பிறகு தூங்கினார்கள்.

மறுநாள் அவர்கள் அனைவரும் முத்துப்பேச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒச்சப்பன் குடும்பத்தில் எரிப்பதுதான் வழக்கம். முப்பத்தோரு பேரில் அதற்கு முன் யாரும் இறந்ததில்லை. ஆகவே எரித்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நினைத்துப் பார்த்திருந்தார்கள். அனுசியா டீச்சர்தான் பேசினார். கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது என்றார், பிறகு எரிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். சுசித்ரா டாக்டர் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"பல்ல எடுக்க வேண்டாம்" என்றாள் முத்துப்பேச்சி. "எரிக்கவும் வேண்டாம். ராசிங்காபுரத்துல அவுக மானாவாரிக் காடு கெடக்கு. மழ காணாத மண்ணு. அங்க வைப்போம்."

ஆடி மாதம் இரண்டாம் வாரம் அங்கே புதைத்தார்கள். மண் தள்ளும்போது எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள், கடிபடாமல் இருக்க. ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் அவர்கள் பற்களில் காய்ந்த கரிசல் மண்ணின் இளஞ்சூடு இருந்தது. அனுசியா டீச்சர் வேலைக்குத் திரும்பினார். இருபத்தொன்பது குடும்பங்களும் அந்தக் காட்டை ஒட்டி ஆளுக்கு ஆறடி நிலம் வாங்கிப் பத்திரம் போட்டுக்கொண்டன. பத்திர எழுத்தர் காரணம் கேட்கவில்லை.

ஐப்பசியில் முதல் மழை அங்கே பெய்தது. சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பல் கூச ஆரம்பித்தபோது எல்லோரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். பிறகு தாங்கிக்கொண்டு மறுபடி செய்யத் தொடங்கினார்கள். ராசிங்காபுரத்தில் நிலம் வைத்துக்கொண்டு போடியில் குடியிருக்கிறவர்கள் இப்போதெல்லாம் விதைப்புக்கு ஈரம் போதுமா என்று அனுசியா டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள், அவரும் சொல்கிறார். ஏலக்காய்க் கடையில் முத்துப்பேச்சி மழை பிடித்ததும் கையிலிருக்கும் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். பக்கத்துப் பெண்கள் அவள் பங்குக் காயையும் சேர்த்துப் பொறுக்குவார்கள். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மழை விடுகிறவரை அவள் அவனோடு இருப்பாள்.