நான் ஏற மறுத்த காலை

தீகோனும் நானும் ஜோடியாகப் பனியில் சறுக்கத் தொடங்கி அது மூன்றாவது குளிர்காலம். பெர்ம் நகரத்தில் ரிம்மா பாவ்லவ்னாவிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். தீகோன் என்னைத் தலைக்கு மேல் ஒரு கையில் ஏந்தியபடி, சுழன்று சுழன்று தளத்தின் குறுக்கே போவான். அவன் பாதத்தில் எது நடந்தாலும் முழங்கால், இடுப்பு, தோள் என்று ஏறி வந்து என் இடுப்பெலும்பில் தெரிந்துவிடும்.

அந்த நவம்பரில் அங்கே ஒரு நடுக்கம் தெரிய ஆரம்பித்தது. அவன் எடை வலது காலில் விழும்போது மட்டும் வரும், உடனே போய்விடும். சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவன் பூட்ஸைக் கவனித்தேன். கணுக்கால் பக்கத்தில் தோல் மடிந்து மடிந்து ஆழமாகச் சுருக்கம் விழுந்திருந்தது. லேஸை இழுத்துக் கட்டியதில் இரண்டு பக்கத் தோலும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. இனி இறுக்க இடமில்லை. அதற்கு மேல் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"புதுசுதான் செப்டம்பர்லயே வந்துடுச்சே, அதைப் போட்டுக்கயேன்" என்றேன்.

"போட்டி முடியட்டும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவன் கால் அளவுக்கென்றே செய்து வந்த புது பூட்ஸ் விடுதியில் அவன் கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு கிடந்தது. ஏன் கிடந்தது என்று ஊரில் சறுக்குகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் அவனோடு ஜோடி சேர்ந்திருந்தவள் அக்லாயா. ஒரு போட்டிக்குச் சில நாள் முன்னால் அவன் பூட்ஸை மாற்றினான். புதுத் தோல் மரக்கட்டை போல விறைத்து, கணுக்காலை வளைய விடவில்லை. அவளைத் தூக்கியிருந்தபோது பூட்ஸின் அடியிலிருந்த பிளேடு பிடி நழுவி, அக்லாயா அவன் தலைக்கு மேலிருந்து பனியில் விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது காது கேட்காமல் போயிற்று. சொலிகாம்ஸ்க் ஊரில் அம்மா வீட்டோடு இருக்கிறாள். மறுபடி பனியில் கால் வைக்கவே இல்லை.

ஆகவே பழைய பூட்ஸை அவன் என் பொருட்டுத்தான் கழற்றாமல் இருந்தான். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததனால்தான் வாய் திறக்க அத்தனை நாள் ஆயிற்று.

தேசியப் போட்டி நெருங்கிவிட்டது. ஒருநாள் காலைப் பயிற்சியில் இசை தொடங்கி, நாங்கள் வேகம் எடுத்து, அவன் கையை நீட்டினான். நான் கைகளைத் தொங்கவிட்டபடி அவனைக் கடந்து போய் நின்றேன்.

"என்ன மகாராணி, இன்னைக்கு மேல ஏற மனசில்லையா?" தடுப்புச் சுவரோரத்திலிருந்து ரிம்மா பாவ்லவ்னா கத்தினார்.

"ஏற மாட்டேன்."

"உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அவன் பூட்ஸ் சரியில்ல."

தீகோன் மெல்லச் சறுக்கி என் எதிரே வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"பூட்ஸ் சரியில்லையா, நான் சரியில்லையா? நேராவே சொல்லு ஸ்லாதா."

"மேல இருக்கறப்ப ரெண்டையும் பிரிச்சுப் பாக்க என்னால முடியல."

"பழசு எனக்குக் காலு மாதிரி. எங்க வழுக்கும், எங்க நிக்கும்னு தெரியும். புதுசு போட்டப்ப என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

ரிம்மா பாவ்லவ்னா அவனை பெஞ்சுக்கு வரச் சொன்னார்.

"கழட்டுடா."

டேப்பைக் கிழித்து, லேஸை அவிழ்த்து, கழற்றிக் கொடுத்தான். அவர் இரண்டே விரலால் பூட்ஸின் மேல்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளினார். கணுக்காலைத் தாங்க வேண்டிய அது அப்படியே சாய்ந்து, நிமிராமல் கிடந்தது.

"இதை நானில்ல முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார், கத்தாத குரலில்.

"போட்டி வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டான் தீகோன்.

"தாங்கலாம். இன்னைக்கு மத்தியானமே மடங்கலாம். எனக்குத் தெரியல. தெரியாததை நம்பி இவளை மேல ஏத்த மாட்டேன்."

புது பூட்ஸுக்குக் கால் பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போட்டியிலிருந்து எங்கள் பெயரை அன்றே எடுத்துவிட்டார். தீகோன் பழைய பூட்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனான்.

அந்த வாரம் முழுக்க அவன் வரவில்லை. "பூட்ஸ் டாக்டரம்மா, எனக்கும் கொஞ்சம் சோதிச்சுச் சொல்லுங்க" என்று உடைமாற்றும் அறையில் ஒருத்தி தன் காலை என் முன் நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் கணக்கில், எதுவும் நடக்காமலே ஒரு போட்டிப் பருவத்தைக் கெடுத்தவள் நான். விழுந்திருந்தாலாவது நான் சொன்னது சரி என்று ஆகியிருக்கும்.

பிறகு ஒரு திங்கட்கிழமை புது பூட்ஸோடு வந்தான். தோல் இளகட்டும் என்று வெந்நீரில் நனைத்த காலுறை போட்டுக்கொண்டு, முழங்கால் மடங்காமல், புதிதாக நடை பழகுகிறவன் போல வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

தேசியப் போட்டியை விடுதியில் டிவியில் பார்த்தோம். குதிகாலில் வெடித்த கொப்புளத்துக்கு மருந்து போட்டபடி, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த வாரம் சொலிகாம்ஸ்க் போயிருந்தேன்."

நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"பழசையே போட்டிருந்தா அப்படி ஆகியிருக்காதில்லன்னு அக்லாயாகிட்ட கேட்டேன். அதுக்கு அவ, 'அன்னைக்குக் காலையிலயே உன் கால் சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல. நீயும் கேக்கல'ன்னா."

"அப்புறம்?"

"பழம் வேகவெச்ச கம்போட் குடுத்தா. குடிச்சேன். அவ்வளவு நேரமும் கேக்கற காது என் பக்கம் இருக்கற மாதிரி திரும்பியே உக்காந்திருந்தா."

அவன் அழவில்லை. மருந்துக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான், அது எப்போதோ மூடியாயிற்று.

பிப்ரவரி கடைசியில் ரிம்மா பாவ்லவ்னா அனுமதி கொடுத்தார். வேகம் எடுத்துப் போகையில் தீகோன் என் பக்கம் திரும்பினான்.

"ஏறுறியா?"

அத்தனை காலத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

"ஏறுறேன்."

என்னைத் தூக்கி, தளத்தின் முக்கால் தூரம் கொண்டுபோய், மெதுவாகக் கீழே இறக்கினான். இறக்கிய கையோடு தடுப்புச் சுவருக்குப் போய்த் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். ரிம்மா பாவ்லவ்னா கிட்டே போகவில்லை. என்னையும் போகவேண்டாம் என்று கையைக் காட்டினார். அவன் துண்டை மடித்துச் சுவர்மேல் வைக்கிறவரை பொறுத்திருந்துவிட்டு, "மறுபடி" என்றார்.