அரிசி மணியளவு தசை

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கிக் கிடந்தன. ஒழுங்காக இருந்தால் தசை நாரை ஒட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாகக் கச்சிதமாக இருக்கும். இவை சூப்பில் ஊறிய அப்பளம் மாதிரி உப்பி, மடிப்பெல்லாம் கலைந்து போயிருந்தன.

"நான் நெனச்சதேதான்," என்றார் எனக்குப் பின்னால் நின்ற டாக்டர் பஸ்காரா. "நாலு நல்ல படமா எடுத்துக் குடுங்க, பலுபி. மைட்டோகாண்ட்ரியா மட்டும் போதும். சாயங்காலம் அறிக்கை எழுதிடறேன்."

செல்லுக்குள் எரியும் அடுப்பு அது. அது கெட்டால் நாலு படி ஏறுவதற்குள் உடம்பு ஓய்ந்துவிடும். பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, அப்பனுக்கு அதில் பங்கில்லை. ஒன்பது வயது கினாசியைப் பற்றி டாக்டர் எழுதப்போவது, அவள் அம்மா ருமினியையும் அம்மாவின் இடுப்பிலிருக்கும் தங்கச்சியையும் சேர்த்து எழுதுவதுதான்.

அவர் போனபிறகு படத்தை அகலமாக்கிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பக்கத்து மெல்லிய குழல்களும் வீங்கியிருந்தன. உட்கருவின் உறைகூட உப்பியிருந்தது. இந்த நோய் பிடிப்பது மைட்டோகாண்ட்ரியாவை. இப்படி எல்லாமே சேர்ந்து ஊதினால், வெட்டியெடுத்த தசை, அது கெடாமல் காக்கும் மருந்தில் விழுவதற்குத் தாமதமாகிவிட்டது என்று பொருள். நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தத் துணுக்கை வைத்து யாரும் சொல்ல முடியாது.

தாமதம் யாருடையது என்று எனக்குத் தெரியும். கூட வேலை செய்பவள் பிரசவத்துக்குப் போனதிலிருந்து இரண்டு பேர் வேலையும் என் தலையில். போன செவ்வாய் மதியத்துக்குச் சற்று முன், ஈரத் துணியில் சுற்றி கினாசியின் தொடையிலிருந்து எடுத்த அரிசி மணியளவு தசை வந்தது. மருந்துப் புட்டியைத் திறக்குமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடினேன். நித்திரை சுகமறியாது என்பார்கள், எனக்கு முக்காலியே போதுமாயிருந்தது. மதியத் தொழுகை அழைப்பில்தான் விழித்தேன். நாற்பது நிமிடம் போயிருந்தது. பதிவேட்டில் உடனே போட்டதாக எழுதிவைத்தேன்.

வெளியே வந்தால், மாடிப்படியில் பாதி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள் கினாசி. லாமொங்கானிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். ருமினி வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்தாள்.

"ஒட்டரிசிக்குள்ள கோழி வெச்சது, அக்கா. சாப்பிடுங்க, மொகமே வாடிக் கெடக்கு." பிறகு குரலைத் தணித்தாள். "இன்னிக்குத் தெரிஞ்சிடுமா? மாமியா இப்பவே உன் ரத்தந்தான்னு ஏசுறாங்க. டாக்டரும் அதையே சொல்லிட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

நாலு படம் கொடுத்தால் போதும். மற்றதை டாக்டர் சொல்லிக்கொள்வார், என் வேலையும் போகாது. வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. பொய்யைக் காப்பாற்றவும் தெம்பு வேண்டியிருக்கிறதே. கினாசியின் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு என்னோடது, ருமினி. சதைய நேரத்துக்கு மருந்துல போடல. தூங்கிட்டேன். அத வெச்சி ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட இப்பவே போய்ச் சொல்றேன். ஆனா... திரும்ப எடுக்கணும்."

ஒரு வசவாவது வரும் என்று காத்திருந்தேன். ருமினி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

கினாசி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாவாடையை முழங்காலுக்கு மேல் மெதுவாகச் சுருட்டினாள். வலது தொடையில் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

"இந்தக் காலா, அந்தக் காலா?" என்றாள்.