கண்ணில் பூசிய பச்சை

நாடாளுமன்றக் குழு வருகிறது என்ற தகவல் வந்ததும் அந்த ராணுவ ஒர்க்‌ஷாப்பில் முதலில் வாங்கியது பெயிண்ட். மரங்களின் அடியில் காவியும் வெள்ளையும், பாதை ஓரக் கற்களில் கறுப்பும் வெள்ளையும், ஷெட்டில் நின்ற பன்னிரண்டு கவச வண்டிகளில் உள்ளும் புறமும் பச்சை. வாசலில் படுத்திருக்கும் நாய் ஒன்றுதான் தப்பித்தது. அதற்கு ஓடத் தெரிந்திருந்தது.

எமி ஜோசியா இதையெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைதராபாத் உப்பலைத் தாண்டி இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பில் அவள் உதவி இன்ஜினீயர். சீருடை இல்லாத சிவிலியன். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். போவன்பள்ளியில் வீடு. மேலதிகாரியான கர்னல் ரகுநாதன் கெட்டவர் அல்ல என்று முதலில் நினைத்திருந்தாள். போகப் போக, அவர் எதுவுமே அல்ல என்று புரிந்துகொண்டாள்.

அந்த வண்டிகளில் எமிக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அதை விளக்கச் சொன்னால் சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவாள். வண்டி ஓட்டுபவன் என்ஜினுக்கு அருகிலேயே உட்கார்கிறான். நடுவில் இருப்பது ஒரு தகடுதான். டீசல் பற்றிக்கொண்டால் மேல்மூடியைத் திறந்து வெளியே குதிக்க நேரம் இருக்காது. அதனால் என்ஜின் அறைக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் பொருத்தியிருக்கிறார்கள். வெயில் விழுந்தால் அது பொருட்படுத்தாது. டார்ச் அடித்தாலும் பொருட்படுத்தாது. எரியும் எண்ணெயின் ஒளிக்கென்று ஒரு தனிக் குணம் இருக்கிறது; அதை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் ஒரு சிலிண்டரின் வால்வுக்குச் சொல்லும். வால்வு திறந்து வாயு பாய்ந்து தீ அணைவதற்கு, நாம் ஒருமுறை கண் சிமிட்டும் நேரம்தான் ஆகும். தான் பிறந்ததே நெருப்புக்குத் தெரியாது.

கண் நல்ல கண்தான். கோளாறு சிலிண்டரில். வால்வின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆகக் குறைந்த விலை சொன்ன கம்பெனிக்கு ஆர்டர் போனது. அந்தக் கம்பெனி ஆகக் குறைந்த ரப்பரைப் போட்டது. ஹைதராபாத் மே மாத வெயிலில் வளையம் காய்ந்து இறுகியது. வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விட்டது. பழைய சரக்கிலிருந்து சிலிண்டர் போட்ட மூன்றாம் வண்டியைத் தவிர மற்ற பதினொன்றிலும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் மீட்டரின் முள் சிவப்பில் கிடந்தது.

எமி மேலே எழுதினாள். மேலிருந்து வந்த பதில் அவளை வாய்விட்டுச் சிரிக்க வைத்தது: சிலிண்டர் நிறைவாக உள்ளது, மீட்டர்தான் தவறாகக் காட்டுகிறது. ஓட்டுநர்களுக்கும் அப்படியே சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு வண்டிகளும் ரயில் ஏறி எல்லைக்குப் போக வேண்டும். ஓட்டுநர்களும் கூடவே போகிறார்கள்.

இனி அதை நிறுத்தக்கூடியது வரப்போகும் குழு மட்டும்தான். இப்படிப்பட்ட குழு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் இருப்பார்கள். ராணுவத்துக்கு வாங்கியது என்ன, ஆட்கள் போதுமா, சண்டை வந்தால் ஓடுமா என்று நேரில் போய்ப் பார்ப்பார்கள். யாருக்கும் ஆணையிட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது; பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எந்த அதிகாரியையும் எதையும் கேட்கலாம். கேட்ட கேள்வி பதிவாகும், பதில் சொல்லியே தீர வேண்டும். கேள்விதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே கத்தி. அந்தக் கத்தியையும் உறுப்பினர்களின் சிரமம் கருதி ஒர்க்‌ஷாப்பே தயாரித்துக் கொடுப்பது வழக்கம். அழகான கார்டில் கேள்வியை டைப் அடித்து, பூங்கொத்தோடு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவார்கள். கர்னலின் ஃபைலில் அதே வரிசையில் பதில்கள் இருக்கும்.

"மிஸஸ் ஜோசியா, கேட்டதுக்கு மட்டும் பதில்," என்றார் கர்னல் அன்று காலை. "கேக்காததுக்கு வாயத் திறக்காதீங்க."

"சிலிண்டர் பத்தி கார்டுல கேள்வி இருக்கா சார்?"

"இல்ல."

"கைக்கு இல்ல? ஏன் சார்?"

"ஏன்னா பதில் இல்ல."

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அதுதான்.

குழு தாமதமாக வந்தது. சால்வை, தேநீர், முந்திரி பக்கோடா எல்லாம் முடிந்து கேள்வி நேரம் தொடங்கியது. முதல் உறுப்பினர் கழிவறை போயிருந்ததால் இரண்டாமவர் தன் கார்டை முதலில் வாசித்தார். அனுமதித்த ஃபிட்டர் பணியிடங்களில் எத்தனை காலி என்பது கேள்வி. கர்னல் ஃபைலின் முதல் பதிலை வாசித்தார்: "இந்த ஆண்டு வளாகத்தில் வேம்பும் புங்கமும் பெருமளவில் நட்டிருக்கிறோம்." உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். குழுத் தலைவர் தலையசைத்தார். அடுத்து மரம் நடுதல் பற்றிய கேள்விக்கு, காலியிடங்களை ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சமாளிப்பதாகப் பதில் வந்தது. அதற்கும் நன்றி சொன்னார்கள். எமி சுற்றிலும் பார்த்தாள். ஒரு புருவம்கூட உயரவில்லை. இவர்களை நம்பித்தான் உட்கார்ந்திருந்தோமா என்று நினைத்தபோது வாயில் கசந்தது.

ஷெட்டுக்கு நடந்து போகும்போது ஓர் உறுப்பினர் அவள் பக்கம் ஒதுங்கினார். நாராயணஸ்வாமி, மதுரைப் பக்கத்து எம்.பி.

"ஏம்மா, நீ தமிழா? அப்பாடா! காலைலருந்து இந்தியிலயே பேசிக் கொல்றாய்ங்க. இந்த முத்துக்கடைக்கு எப்பக் கூட்டிட்டுப் போவாய்ங்க? எங்க வீட்டம்மா ரெண்டு வரிசை மாலை கேட்டிருக்கு."

"நாலு மணிக்கு சார். அதுக்கு முன்னால இதைப் பாருங்க."

மூன்றாம் வண்டியின் அருகே நிறுத்தி, கண்ணையும் வால்வையும் வாயுவையும் அவருக்குச் சொன்னாள். அவர் வாய் மெல்லத் திறந்தது. "சிமிட்டுறதுக்குள்ளயா? அடேங்கப்பா!"

"ஹவ் சார், ஆமா. சிலிண்டர் ரொம்பியிருந்தா. ரொம்பியிருக்கான்னு கர்னலைக் கேளுங்க. சத்தமா, எல்லாருக்கும் கேக்கறாப்ல."

அவர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துப் பார்த்தார். "எனக்கு 'கேன்டீன் உணவு திருப்தியா'ன்னுல்ல குடுத்திருக்காய்ங்க."

"அதை விட்டுட்டு இதைக் கேளுங்க சார்."

"அது நல்லாருக்காதும்மா. பாவம், மெனக்கெட்டு டைப் அடிச்சிருக்காய்ங்க."

இதற்குள் தீயணைப்புச் செயல்விளக்கம் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் மல்லேஷ், நல்கொண்டாக்காரன், இஸ்திரி போட்ட டங்கரிச் சீருடையில் மூன்றாம் வண்டிக்குள் இறங்கி உட்கார்ந்தான். என்ஜின் அறை மூடியைத் திறந்து, உள்ளே ஒரு தட்டில் டீசல் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். எமி பக்கத்தில் நின்றாள்.

கண் சிமிட்டும் நேரம் போனது. இன்னொரு சிமிட்டல் போனது. தீ தட்டை விட்டு எழுந்து தகட்டை நக்கியது. எமி குனிந்து கண்ணைத் தேடினாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி பளபளத்தது. ஃபிட்டராக இருந்தால் கண்ணாடி மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயிண்டைத் தொடுவான். ஃபிட்டர்தான் இல்லையே. அன்றாடக் கூலிக்கு வந்தவனிடம் எல்லாவற்றையும் பச்சையாக்கு என்றார்கள், அவன் எல்லாவற்றையும் பச்சையாக்கிவிட்டான். வண்டி தயாராக இருக்கிறதா என்று பார்க்க வருபவர்களுக்காகவே வண்டியைக் குருடாக்கியிருந்தார்கள்.

வால்வைக் கையால் திறக்க வண்டியின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியை அவள் பிடித்து முழு பலத்தோடு இழுத்தாள். வாயு சீறிப் பாய்ந்தது. தீ அணைந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைவர் கர்னலின் கையைக் குலுக்கினார். யாரோ ஒருவர் "அற்புதம்" என்று இந்தியில் சொன்னார். போட்டோக்காரர் அணைந்த தீயைப் படம் எடுத்தார். தோற்றுப்போன ஒன்றுக்கு இத்தனை கைதட்டலை எமி அதுவரை பார்த்ததில்லை. சொல்ல வாயெடுத்தாள். கர்னலின் பார்வை அவள் மேல் நின்றது. அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தச் சில நொடிகளில் அவள் அங்கே இருந்தவர்களிலேயே கேவலமாக நினைத்தது தன்னைத்தான்.

நாராயணஸ்வாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னொரு தடவை! அந்த ஏழாம் நம்பர்ல. ஏழு நமக்கு ராசி. நானே உள்ள உக்காந்து பாக்குறேன்!"

கர்னலின் முகம் வெளுத்தது. "சார், விதிப்படி எம்.பி.யை உள்ளே உக்கார வைக்க முடியாது. உங்க உயிர் விஷயம்."

"அப்ப அந்தப் பையனையே உக்கார வைங்க. நான் பக்கத்துல நிக்குறேன்."

"ஓ, தாராளமா," என்றார் கர்னல். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. எம்.பி.யின் உயிர் என்றதும் விதி இருந்தது. மல்லேஷின் உயிருக்கு ஒரு "தாராளமா" போதும்.

அவள் கர்னலை ஒட்டி வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நக்கோ சார், வேணாம். ஏழு காலி. முள் அடியில இருக்கு."

"சின்னத் தட்டுதானே. ஃபயர் வண்டி பக்கத்துலயே நிக்குது. ஒண்ணும் ஆகாது."

"இப்ப மூணுல தகடு வரைக்கும் ஏறுச்சு. கண்ணுல பெயிண்ட் சார். நான் இழுக்கலேன்னா..."

"கேட்டதுக்கு மட்டும்," என்றார் கர்னல், உதடு அசையாமல்.

மல்லேஷ் ஏழாம் வண்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒருவன் டீசல் தட்டோடு வந்தான்.

"ரோக்கோ! நிறுத்துங்க!" என்று எமி கத்தினாள். ஷெட் முழுவதும் திரும்பியது. யாரும் கேட்காத பதிலை அவள் இந்தியிலேயே சொன்னாள், தலைவருக்கும் வரிசையில் நின்ற ஓட்டுநர்களுக்கும் சேர்த்து: "இந்த சிலிண்டரில் வாயு இல்லை. பன்னிரண்டு வண்டியில் ஒன்றில்தான் இருந்தது, அதையும் இப்போது காலி செய்துவிட்டோம். முதல் தீயை அணைத்தது வண்டி இல்லை, நான். அதன் கண்ணில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உங்களை வரவேற்க."

தலைவர் மெதுவாகத் தன் உதவியாளரிடம் ஏதோ கேட்டார். எமிக்குக் கேட்டது: "இந்த அம்மா நிகழ்ச்சி நிரலில் இருக்கிறாரா?"

கர்னல் முந்திக்கொண்டார். "விவரத்தை எழுத்து மூலம் சமர்ப்பிக்கிறோம் சார்." தலைவர் அதை விரும்பினார், முகத்தில் தெரிந்தது. எழுத்து மூலம் என்பது எவ்வளவு வசதியான இடம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். எமிக்கும் தெரியும், அவளே எழுதியவள்தானே. தலைவரின் கை கடிகாரப் பக்கம் போனது.

ஏழாம் வண்டியின் மூடியில் இன்னும் மல்லேஷின் தலை. "மேடம், மீட்டர் கராப் ஹை போலே தே நா?" மீட்டர்தான் கோளாறு என்றார்களே?

"மீட்டர் டீக் ஹை, மல்லேஷ்," என்றாள் எமி. "உத்ரோ." மீட்டர் சரிதான், இறங்கு.

அவன் உடனே இறங்கவில்லை. முதலில் குனிந்து இருக்கைக்குப் பின்னால் பார்த்தான். பிறகு கைகளை ஊன்றி வெளியே வந்து, வண்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டான். வரிசையில் நின்ற மற்ற ஓட்டுநர்கள், யாரும் சொல்லாமலே, அவரவர் வண்டியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

நாராயணஸ்வாமிக்கு விஷயம் அப்போதுதான் எட்டியது. "ஏம்மா, அந்த ஏழுல ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல சார்."

"அப்ப... நான்ல உள்ள உக்காந்திருப்பேன்!" அவர் முகம் சிவந்தது. இன்னொருவன் உட்கார்ந்தபோது வராத கோபம் முழுதாக வந்தது. "யோவ் கர்னல்! என்னைய எரிக்கப் பாத்தியா நீ? இந்த வண்டியெல்லாம் எப்ப எங்க போகுது?"

"திங்கக்கிழமை. ரயில்ல. எல்லைக்கு," என்றாள் எமி. இந்த முறை கேட்டதற்குத்தான் பதில்.

"ஒரு வண்டி நகரக் கூடாது. நகந்துச்சுன்னா சபையில எந்திரிச்சுக் கேப்பேன், எந்தக் கார்டும் இல்லாம. டி.வி.ல வரும்யா."

குழுவால் ஆணையிட முடியாது என்பது கர்னலுக்குத் தெரியும். டி.வி. பற்றியும் தெரியும். அவர் ஓரமாகப் போய் ஃபோனை எடுத்தார். ரயில்வேயின் பெயரும் "டெக்னிகல் காரணம்" என்ற சொல்லும் எமியின் காதில் விழுந்தன.

ஃபோனை வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "இத என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே, மிஸஸ் ஜோசியா?"

"ரெண்டு வருஷமா தனியாத்தான் சொல்றேன் சார்."

"உங்களுக்கு இங்க வேலை இருக்கும்னு நினைக்காதீங்க."

"ஹவ் சார். புது சிலிண்டர் வர்ற வரைக்கும் இந்த வண்டிங்களுக்கும் இல்ல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது, முத்துக்கடைக்கு நேரமாகிவிட்டது. உறுப்பினர்கள் ஏறினார்கள். நாராயணஸ்வாமி படியில் கால் வைத்தபடி, ரெண்டு வரிசை மாலை என்ன விலை இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். எமி அதை நின்று கேட்கவில்லை. பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் ஒரு துணியை நனைத்து, மூன்றாம் வண்டியின் என்ஜின் அறைக்குள் தலையை விட்டாள். மல்லேஷ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டான்.