அடுப்பு போட்டுப் பெண் கொடுத்த வீடு

சாயிமாவுக்கு நாற்பத்தொரு வயது. யாங்கோன் நகரத்து மிங்கலாடோனில் மருந்துக்கடை வைத்திருந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் கடையைப் பார்க்க ஆளில்லை என்று தட்டிக்கழித்தவள், நியாஸ் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர் மலைமேல் இருக்கும் டவுன்ஜியில் டயர் கடைக்காரர். மூன்று மாதம் போனில் பேசியே இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை, அக்கா அஸ்மாவோடும் உறவுக்காரர்கள் எட்டுப் பேரோடும் அவர் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு.

வீட்டுக்குள் அத்தனை பேருக்கு இடமில்லை. பின்தோட்டத்துத் தகரக் கொட்டகையில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்த வருஷம் யாங்கோனில் குளிர் சற்றுக் கூடுதல். தெருவே ஸ்வெட்டரும் குல்லாவுமாகத் திரிந்தது. மலையூர் வீடுகளில் வந்தவர்களை முதலில் நெருப்புப் பக்கம் உட்கார வைப்பதுதான் மரியாதை என்று அண்ணி மைமூன் எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். அதைச் செய்யாவிட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நாலு நாளாக வீட்டில் அதே பேச்சு.

கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊரில் ஹீட்டரை நம்ப முடியுமா? அண்ணன் ஜுல்ஃபிகர் போட்டாதாங் படகுத்துறையில் வெல்டிங் வேலை செய்பவர். பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிக் கதவு வைத்து, புகை போகக் கூரைக்கு மேல் குழாய் ஏற்றி, ஓர் அடுப்பே செய்துவிட்டார். சூடு வெளியே போகாதிருக்க மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டினார். ஞாயிறு மதியமே விறகைத் திணித்துப் பற்ற வைத்தாயிற்று. எல்லோரும் சமையலில் மும்முரமாக இருந்ததால் உள்ளே உட்கார்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வந்தவர்கள் அரைக்கைச் சட்டையும் மெல்லிய துணியுமாக வந்தார்கள். பாவம், ஸ்வெட்டர் கொண்டுவர மறந்துவிட்டார்கள் என்று மைமூன் பதறி, அடுப்பில் இன்னும் இரண்டு கட்டை போட்டாள்.

பத்து நிமிஷத்தில் டிரம் சிவக்கத் தொடங்கியது. கேக்கின் மேலிருந்த கிரீம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அஸ்மா தட்டை எடுத்து விசிறுவதும் யாராவது பார்த்தால் கீழே வைப்பதுமாக இருந்தார். பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். பட்டுக்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்த சாயிமாவின் கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கரைந்து, தாடை வரை கோடு கோடாக இறங்கியது.

நியாஸ் நனைந்துபோன கைக்குட்டையைப் பிழிந்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு இவ்வளவு குளிருதா?”

“எனக்கு எங்க குளிருது? உங்களுக்காகத்தான் போட்டோம்.”

“எங்களுக்கா? எங்க ஊர்ல இப்ப ராத்திரி ஏழு டிகிரி. கொஞ்சம் வெயில் காயலாம்னுதான் இத்தனை பேரும் ஆசையா வண்டி ஏறினாங்க. நீங்க குளிர் தாங்காதவங்கன்னு நெனச்சு எங்க அக்கா வாயே தெறக்காம உக்காந்திருக்காங்க.”

சாயிமா உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், தலை குனிந்து இருக்க வேண்டிய நேரத்தில், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நியாஸுக்கும் தொற்றியது. என்ன என்று கேட்ட அஸ்மாவுக்கு அவர் பாதிதான் சொன்னார். மீதியை அக்காவே புரிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். மூக்குக்கண்ணாடிப் பெரியவர் எழுந்து போய்த் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார். ஜுல்ஃபிகர் அடுத்த பக்கத்தைப் பிடுங்கினார். காற்று உள்ளே வந்ததும் எல்லோரும் ‘ஆ’ என்றார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு. மைமூன் மட்டும் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்; ஆனால் அவள் தோளும் குலுங்கியது.

பாயைப் புல்லில் விரித்து உட்கார்ந்த பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அஸ்மா முறைப்படி கேட்டார்: “சாயிமா, எங்க தம்பியக் கட்டிக்கிட சம்மதமா?”

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது. சம்மதம் என்ற ஒரு சொல்லை அவள் மூன்று துண்டாகத்தான் சொல்ல முடிந்தது.